பிளாக் பாக்ஸ்: அந்தப் பாட்டைப் பாடியது யார்?

இன்னைக்கு ஒரு டிவி நிகழ்ச்சியில இருந்து ஆரம்பிக்கலாம்.

1989, செப்டம்பர் மாதம். இங்கிலாந்தில் வாராவாரம் ஹிட் பாடல்களைக் காட்டும் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சி. மேடையில் ஓர் இளம்பெண். ஒல்லியான, உயரமான, மாடல் மாதிரி இருக்கிற பெண். மாதிரி என்ன, நிஜமாகவே மாடல்தான். அவர் வாயைத் திறந்ததும் தேவாலயத்தின் கூரையே பெயர்ந்து போகிற அளவுக்கு ஒரு குரல் வருகிறது. முரட்டுக் குரல். அழுகையும் ஆவேசமும் கலந்த குரல். பின்னாடி பியானோ தடதடவென்று ஓடுகிறது.

பாட்டின் பெயர் 'ரைட் ஆன் டைம்'. குழுவின் பெயர் பிளாக் பாக்ஸ். ஆறு வாரம் தொடர்ந்து நம்பர் 1. அந்த வருஷம் பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிளும் அதுதான். அதே சீசனில் பெல்ஜியத்தில் இருந்து வந்த டெக்னோட்ரானிக் குழுவின் 'பம்ப் அப் தி ஜாம்' இரண்டாவது இடம் வரைக்கும்தான் ஏற முடிந்தது.

அந்த மேடையில் இருந்த பெண்ணின் பெயர் கத்ரின் கினோல், பிரெஞ்சு மாடல். அந்தக் குரல் அவருடையது இல்லை. ஒரு சொல்கூட அவர் பாடவில்லை. அப்போ யார் பாடினது? இந்த எபிசோடே அந்தக் கேள்விதான். அதற்கு ஒரு பதில் இல்லை, மூணு பதில் இருக்கு.

முதல்ல இந்தக் குழு யாருன்னு பார்த்துடலாம். வட இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்று ஓர் ஊர். அங்கே மூணு பேர். டேனியலே டாவோலி, கிளப்களில் பாட்டு போடும் டிஜே. மிர்கோ லிமோனி, கீபோர்டும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கொள்கிறவர். வலேரியோ செம்ப்லிச்சி, முறையாகச் சங்கீதம் படித்து கிளாரினெட் சொல்லிக்கொடுத்த வாத்தியார். 'குரூவ் குரூவ் மெலடி' என்பது இவர்களுடைய தயாரிப்புக் கூட்டணியின் பெயர்.

இந்த மூணு பேரும் ஒரே பெயரில் பாட்டு வெளியிடவில்லை. 'ஸ்டார்லைட்' என்ற பெயரில் 'நூமெரோ ஊனோ', 'மிக்ஸ்மாஸ்டர்' என்ற பெயரில் 'கிராண்ட் பியானோ', 'பிளாக் பாக்ஸ்' என்ற பெயரில் 'ரைட் ஆன் டைம்'. மூணுமே 1989இல் பிரிட்டிஷ் டாப் 10க்குள் போயின. வாங்கினவங்களுக்கு மூணும் ஒரே ஆட்களின் வேலை என்று தெரியாது. அன்றைய இத்தாலிய டான்ஸ் மியூசிக் தொழிலே அப்படித்தான். சின்ன ஸ்டூடியோ, ரெண்டு மூணு பேர், வாரத்துக்கு ஒரு பெயர். கவரில் போட ஒரு முகம் வேணும்னா மாடலைக் கூட்டிட்டு வந்துடலாம்.

இதை மோசடி என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. அதையும் சொல்லியாகணும். தயாரிப்பாளர்தான் கலைஞர், பாடுபவரும் ஆடுபவரும் அவர் கையில் இருக்கும் கருவிகள் என்பதுதான் அந்த உலகத்தின் வழக்கம். இத்தாலோ டிஸ்கோ காலத்தில் இருந்தே நடந்துவந்த விஷயம்.

சரி, ஹவுஸ் மியூசிக் எப்படி இத்தாலிக்குப் போச்சு? சுருக்கமா சொல்றேன். அமெரிக்காவில் 1979 ஜூலை 12ஆம் தேதி சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். 'டிஸ்கோ டெமாலிஷன் நைட்' என்று பெயர். டிஸ்கோ செத்துப்போச்சு என்று ரேடியோக்கள் முடிவுகட்டின. ஆனால் அதே சிகாகோவில் வேர்ஹவுஸ் என்ற கிளப்பில், பெரும்பாலும் கறுப்பின, தன்பாலின ஈர்ப்புள்ள இளைஞர்கள் கூடுகிற இடத்தில், ஃபிராங்கி நக்கல்ஸ் என்ற டிஜே பழைய டிஸ்கோ பாடல்களை நீட்டி, வெட்டி, டிரம் மெஷின் சேர்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த வேர்ஹவுஸில் இருந்துதான் 'ஹவுஸ்' என்ற சொல் வந்தது என்பார்கள். எண்பதுகளின் பின்பாதியில் அது பிரிட்டனுக்கு வந்து தீயாகப் பற்றியது. இத்தாலியில் ரிமினி, ரிச்சோனே மாதிரி கடற்கரை ஊர்களின் கிளப்களுக்கும் வந்தது. இத்தாலியர்கள் அதில் தங்கள் பங்காகச் சேர்த்தது பியானோ. பளிச்சென்று, சந்தோஷமாக, கொஞ்சம் அதிகப்படியாகவே சந்தோஷமாக இருக்கும் பியானோ.

இப்போ முதல் பதிலுக்கு வருவோம்.

லொலீட்டா ஹாலோவே. 1946இல் பிறந்தவர். ஊர்? சிகாகோ! ஹவுஸ் பிறந்த அதே ஊர். தேவாலயத்தில் காஸ்பல் பாடி வளர்ந்தவர், 'தி கேரவன்ஸ்' என்ற புகழ்பெற்ற காஸ்பல் குழுவில் இருந்தவர். 1980இல் சால்சோல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்காக 'லவ் சென்சேஷன்' என்று ஒரு டிஸ்கோ பாட்டு பாடினார். எழுதித் தயாரித்தவர் டேன் ஹார்ட்மன். அமெரிக்க டான்ஸ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. அந்தப் பதிவைப் பற்றி ஹாலோவே பின்னாளில் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. ஹார்ட்மன் திரும்பத் திரும்பப் பாட வைத்துக்கொண்டே இருந்தாராம். தொண்டை போய்விட்டது. காபியில் விக்ஸைக் கலந்து குடித்துவிட்டு மறுபடி பாடினாராம். ஆமாம், நம்ம வீட்டு அலமாரியில் இருக்கிற அதே விக்ஸ். தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

அந்தப் பாட்டின் இசை இல்லாத வடிவம், வெறும் குரல் மட்டும் இருக்கும் அக்கபெல்லா, டிஜேக்களிடம் புழங்கிக்கொண்டிருந்தது. டாவோலியின் கைக்கும் வந்தது. சாம்ப்ளர் என்று ஒரு கருவி. எந்த ஒலியையும் சில நொடிகள் பதிந்து வைத்து, கீபோர்டு கட்டையை அழுத்தினால் திருப்பித் தரும். அதில் ஹாலோவேயின் குரலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு, தங்கள் தாளத்தின் மேல் ஒட்டினார்கள். அந்தப் பாட்டில் திக்கித் திக்கி, மூச்சை வெட்டி வெட்டி வருகிற குரல் அப்படி வந்ததுதான். ஒரு மனுஷி அப்படிப் பாடவே முடியாது.

தலைப்பிலேயே ஒரு கூத்து இருக்கு. ஹாலோவே பாடினது 'சரியாக' என்ற பொருள் தரும் ரைட். இத்தாலியர்களின் காதில் விழுந்தது 'சவாரி' என்ற பொருள் தரும் ரைட். அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். தமிழில் எழுதினால் ரெண்டும் ஒரே எழுத்துதான், அதனால நமக்குச் சிரிக்க உரிமை இல்லை.

ஹாலோவேயிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவர் பெயரும் ரெக்கார்டில் இல்லை. கடல் கடந்து தன் குரல் நம்பர் 1 ஆகியிருக்கிறது. வேறொரு பெண் டிவியில் அதற்கு வாயசைக்கிறார்.

இங்கே கொஞ்சம் நிக்கணும். ஏன்னா சட்டப்படி இது நாம நினைக்கிற மாதிரி சுலபமான விஷயம் இல்லை. ஒரு பாட்டில் ரெண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, பாட்டின் வரியும் மெட்டும்; அது எழுதினவருடையது, அதாவது ஹார்ட்மனுடையது. இன்னொன்று, ஒலிப்பதிவு, அது கம்பெனியுடையது, அதாவது சால்சோலுடையது. தொண்டை? தொண்டைக்குத் தனியாக ஒரு சொத்துரிமை கிடையாது. பாடகிக்கு அவருடைய ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கோ அவ்வளவுதான். விக்ஸ் குடித்தவருக்கு, ஒருவேளை, எதுவுமே இல்லை. அதோடு 1989இல் சாம்ப்ளிங் பற்றிச் சட்டம் இன்னும் தெளிவாகவில்லை. எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் பொதுவான மனநிலை. நியூயார்க்கில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிராக, அனுமதி இல்லாமல் சாம்ப்ள் எடுப்பது திருட்டு என்கிற மாதிரி கடுமையான தீர்ப்பு வந்தது 1991 டிசம்பரில்தான்.

ஆனாலும் ஹாலோவே விடவில்லை. வக்கீல்கள் வந்தார்கள். கடைசியில் வெளியே சொல்லப்படாத ஒரு தொகைக்குச் சமரசம் ஆனது.

இதற்கு நடுவில்தான் ரெண்டாவது பதில் வருகிறது. சாம்ப்ள் சிக்கலானதும், அந்தக் குரலை நீக்கிவிட்டு, வேறொரு பாடகியை வைத்து அதே மாதிரி பாடச்சொல்லி ஒரு புதுப் பதிப்பு தயாரித்தார்கள். பாடினவர் ஹெதர் ஸ்மால், லண்டனைச் சேர்ந்த இளம் பாடகி. ஒரு மெஷின் வெட்டி ஒட்டின குரலை மனுஷத் தொண்டையால் நகல் எடுக்கிற வேலை! அதையும் செய்து முடித்தார். அவர் பெயரும் கவரில் இல்லை.

நான் பல வருஷமா இந்தப் பாட்டை ரெண்டு மூணு இடத்தில் ரெண்டு மூணு விதமா கேட்டுட்டு, ஏதோ ஆடியோ குவாலிட்டி வித்தியாசம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்லை. ரெண்டு வேற வேற பெண்கள்.

ஸ்மாலின் கதை பிறகு நல்லபடியாகத்தான் போனது. மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் டிஜே மைக் பிக்கரிங் தொடங்கிய எம் பீப்பிள் குழுவின் பாடகி ஆனார். 1994இல் அந்தக் குழு மெர்க்குரி பரிசு வாங்கியது. இந்த முறை முகமும் அவருடையதே.

சரி, ஹிட் கொடுத்தாச்சு. அடுத்து ஆல்பம் வேணும். 'ட்ரீம்லேண்ட்', 1990. இத்தாலிய மூவர் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று நினைப்போம். ஒரு பாடம் கற்றார்கள். இனிமேல் சாம்ப்ள் வேண்டாம், ஆளையே பாடவைத்துவிடலாம். இன்னொரு பாடத்தைக் கற்கவில்லை.

மூணாவது பதில், மார்த்தா வாஷ். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். சான் ஃபிரான்சிஸ்கோக்காரர், இவரும் காஸ்பலில் தொடங்கியவர். எழுபதுகளில் டிஸ்கோ நட்சத்திரம் சில்வெஸ்டருக்குப் பின்னணியில் பாடினார். இவரும் இசோரா ஆர்ம்ஸ்டெட்டும் சேர்ந்த ஜோடிக்கு 'டூ டன்ஸ் ஓ ஃபன்' என்று பெயர். ரெண்டு பேரும் பெரிய உடம்புக்காரர்கள், அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள். பிறகு 'தி வெதர் கேர்ள்ஸ்' என்று மாறி, 1982இல் 'இட்ஸ் ரெயினிங் மென்' பாடினார்கள். அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பெயர் ஞாபகம் இல்லாட்டியும் கேட்டா தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் வாஷ் ஸ்டூடியோ பாடகியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் கூப்பிடுவார், போய்ப் பாடிவிட்டு, பேசின கூலியை வாங்கிக்கொண்டு வர வேண்டும். பிளாக் பாக்ஸுக்குப் பாடினபோதும் அப்படித்தான். வேறொரு பாடகி கேட்டுப் பழகுவதற்கான டெமோ என்றுதான் அவர் புரிந்துகொண்டிருந்தார். 'எவ்ரிபடி எவ்ரிபடி', 'ஸ்ட்ரைக் இட் அப்', 'ஐ டோண்ட் நோ எனிபடி எல்ஸ்', 'ஃபேன்டசி' எல்லாமே அவர் குரல். ஆல்பத்தின் பெரும்பகுதி அவர்தான். முதல் ரெண்டும் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் எட்டாம் இடம் வரை போயின. கவரில் கினோல். வீடியோவில் கினோல். வாஷின் பெயர் எங்கும் இல்லை.

இதே நேரத்தில், இதே பெண்ணுக்கு, நியூயார்க்கிலும் இதே விஷயம் நடந்தது. சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற குழுவின் 'கோனா மேக் யூ ஸ்வெட்'. ஜிம்மில் இருந்து கிரிக்கெட் ஸ்டேடியம் வரை இன்னைக்கும் ஒலிக்கிற பாட்டு. 1991 பிப்ரவரியில் அமெரிக்காவில் நம்பர் 1. அந்தப் பாட்டில் எல்லாரையும் ஆடக் கூப்பிடுகிற அந்தக் கத்தல் மார்த்தா வாஷுடையது. வீடியோவில் அதற்கு வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ் என்ற ஒல்லியான இளம்பெண்.

ஏன் இவரையே ஒளித்துவைத்தார்கள்? வாஷ் பேட்டிகளில் இதை நேராகவே சொல்லியிருக்கிறார்: தன் உடம்பு. எம்டிவி வந்துவிட்ட காலம். பாட்டைக் கண்ணால் பார்க்கிற காலம். குண்டான, நாற்பதை நெருங்குகிற பெண்ணின் குரல் விற்கும், உருவம் விற்காது என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. பத்து வருஷம்கூட ஆகவில்லை, இதே பெண் 'இட்ஸ் ரெயினிங் மென்' வீடியோவில் தன் முழு உருவத்தோடு நின்று உலகத்தையே ஆட வைத்தவர்.

இங்கே உங்களில் சிலர் கேட்பீங்க: நம்ம சினிமாவில் எல்லாரும் வாயசைக்கிறாங்களே, அது மட்டும் பரவாயில்லையா? நியாயமான கேள்வி. ஆனால் நமக்கும் இந்தச் சண்டை நடந்திருக்கு. 1949இல் 'மஹல்' என்ற இந்திப் படம். அதில் வந்த பெரிய ஹிட் பாட்டின் ரெக்கார்டில் பாடியவர் பெயர் 'காமினி' என்று போட்டிருந்தார்கள். காமினி என்பது படத்தில் கதாபாத்திரத்தின் பெயர். பாடினது லதா மங்கேஷ்கர். ரேடியோவுக்குக் கடிதங்கள் குவிந்தபிறகுதான் அவர் பெயரைச் சொன்னார்கள். பின்னணி பாடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பெயரைப் போடாமல், இன்னொருத்தர்தான் பாடுகிறார் என்று நம்பவைத்து விற்பதுதான் இங்கே பிரச்சினை.

வாஷ் வழக்குப் போட்டார். முதலில் பிளாக் பாக்ஸ் விஷயத்தில், அமெரிக்காவில் அவர்களை வெளியிட்ட ஆர்சிஏ நிறுவனத்தின் மீது. நேரம் அவருக்குச் சாதகமாக அமைந்தது. 1990 நவம்பரில் மில்லி வனில்லி விவகாரம் வெடித்தது. ஜெர்மனியில் இருந்து வந்த ஜோடி, கிராமி விருது வாங்கியவர்கள், ஒரு வரிகூடப் பாடவில்லை என்று அவர்களுடைய தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனே ஒப்புக்கொண்டார். கிராமி திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சூட்டில் இன்னொரு வாயசைப்பு வழக்கு கோர்ட்டில் இழுபடுவதை எந்தக் கம்பெனியும் விரும்பாது. ஆர்சிஏ சமரசத்துக்கு வந்தது. பணம் மட்டும் இல்லை, வாஷுக்குத் தனி ஆல்பம் போட ஒப்பந்தமும் கொடுத்தது. அந்த ஆல்பம் 1993இல் வந்தது. தலைப்பு என்ன தெரியுமா? 'மார்த்தா வாஷ்'.

சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி மீதான வழக்கு 1994 வரை இழுத்தது. அதிலும் சமரசம்தான். ஆனால் அதில் ஓர் அம்சம் இருக்கு, அதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிட்டே இருப்பேன். அந்த வீடியோவை ஒளிபரப்பும்போது, குரல் மார்த்தா வாஷுடையது, காட்சியில் தோன்றுபவர் ஸெல்மா டேவிஸ் என்று எழுத்தில் போடும்படி சோனி நிறுவனம் எம்டிவியைக் கேட்டுக்கொண்டது. 'குரல்' என்றும் 'தோற்றம்' என்றும் தனித்தனியாக ரெண்டு வரி. அதற்குப்பிறகு டான்ஸ் மியூசிக் ரெக்கார்டுகளில் பாடியவர் பெயரைப் போடாமல் விடுவது கம்பெனிகளுக்குப் பயமான காரியம் ஆகிவிட்டது.

பழக்கம் ஒரே நாளில் மாறவில்லை, குறிப்பாக இத்தாலியில். 1993இல் கொரோனா என்ற பெயரில் 'தி ரிதம் ஆஃப் தி நைட்' வந்தது. வீடியோவில் பிரேசிலைச் சேர்ந்த ஒல்கா சோசா. பாடினவர் ஜென்னி பி என்று அறியப்படும் இத்தாலியப் பாடகி. அதே கதை, அதே நாடு, நாலு வருஷம் கழித்து.

மாடல்களையும் நாம வில்லியாக்க வேண்டாம். கினோல் வேலைக்குக் கூப்பிடப்பட்டார், வந்தார். விஷயம் வெளியே வந்தபோது கேலியெல்லாம் அவர் மேல்தான் விழுந்தது. முடிவெடுத்த மூணு ஆண்களின் முகம் யாருக்கும் தெரியாது. ஸெல்மா டேவிஸ் விஷயம் இன்னும் பாவம்: அவர் நிஜமாகவே பாடகி. அதே ஆல்பத்தில் மற்ற பாட்டுகளில் ஒலிப்பது அவர் சொந்தக் குரல். ஆனால் இன்னைக்கும் 'வாயசைத்த பெண்' என்றுதான் பெயர்.

பிளாக் பாக்ஸ் தொண்ணூறுகளின் நடுவில் வேறு பாடகியோடு மறுபடி வந்தார்கள். பழைய வேகம் இல்லை. டாவோலி பிரிட்டனில் தொடர்ந்து வேலை செய்தார். 2004இல் யுனைட்டிங் நேஷன்ஸ் என்ற இன்னொரு பெயரில் 'அவுட் ஆஃப் டச்' என்று ஒரு டாப் 10 ஹிட் கொடுத்தார். மறுபடி ஒரு புதுப்பெயர், பாருங்க.

ஹாலோவேக்கு ஒரு நல்ல திருப்பம் 1991இல் நடந்தது. மார்க்கி மார்க் அண்ட் தி ஃபங்கி பன்ச் என்ற குழு, அதில் மார்க்கி மார்க் என்பவர் இன்றைய நடிகர் மார்க் வால்பெர்க், 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற பாட்டில் அதே 'லவ் சென்சேஷன்' குரலைப் பயன்படுத்தியது. இந்த முறை அவர் பெயரையும் சேர்த்து வெளியிட்டார்கள். அமெரிக்காவில் நம்பர் 1. அவர் 2011இல் இறந்தார்.

மார்த்தா வாஷ்? வழக்கு முடிந்த அதே 1994இல், அதே சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரியின் 'டூ யூ வான்னா கெட் ஃபங்கி' பாட்டில் பாடினார். வீடியோவிலும் வந்தார். ஸெல்மா டேவிஸும் அந்தப் பாட்டில் இருக்கிறார். ரெண்டு பேரும் அவரவர் குரலில்.

இன்னைக்கு ஒரு சின்ன ஹோம்வொர்க். ஹெட்போன் போட்டுக்கங்க. முதலில் 'லவ் சென்சேஷன்' முழுசாக, குறிப்பாகக் கடைசிப் பகுதியை. அப்புறம் 'ரைட் ஆன் டைம்' ரெண்டு பதிப்பையும் தேடிப்பிடித்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. எது ஹாலோவே, எது ஸ்மால் என்று பெயரைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியுதான்னு பாருங்க. எனக்கு மூணாவது தடவைதான் பிடிபட்டது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.